காம்பவுண்டு சுவர் எத்தனை அடி?

வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்கும் பில்லருக்கும் தளத்துக்கும் இஞ்சினியரிடம் பத்து தடவை நடக்கிறவர்கள்கூட, காம்பவுண்டு சுவர் என்று வந்ததும் கொத்தனாரின் கைக்கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எத்தனை அடி உயரம் என்பதைப் பக்கத்து வீட்டுச் சுவரோ, மிஞ்சிக் கிடக்கும் செங்கல்லோ, திருட்டுப் பயமோ, வீம்போ தீர்மானிக்கிறது. என் இடம், என் காசு, என் சுவர், இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. நிலத்தின் எல்லை எங்கே என்பதில் மட்டும் நாம் காட்டும் கண்டிப்புக்குக் குறைவே இல்லை. அரையடி நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டுப் படியேறுவார்கள். சர்வேயர் வந்து, புலப்படத்தை வைத்து அளந்து, கல் நட்டுவிட்டுப் போகும்வரை ஓயமாட்டார்கள். அதற்கென்று 1923-ஆம் ஆண்டிலேயே நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் வந்துவிட்டது. சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இத்தனை ஏற்பாடு. அது எவ்வளவு உயரம் போகலாம், எதைத் தாங்கி நிற்கிறது, விழுந்தால் யார்மேல் விழும் என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. உலகின் பல நகரங்கள் இந்தக் கேள்விகளுக்குச் சட்டத்தில் விடை எழுதி வைத்திருக்கின்றன. அந்த விடைகள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால், மதிலின் உயரம் கட்டுபவரின் சொந்த விருப்பம் என்ற வாதம் நிற்காது. ஐந்தடிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு அடிக்கும் கட்டுபவர்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

இந்தியாவிலும் ஒரு விடை இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1970-இல் முதன்முதலாக வெளியிட்டு, 2016-இல் திருத்தி வெளியிட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சுற்றுச்சுவருக்கென்று ஒரு சிறு பத்தியை ஒதுக்கியிருக்கிறது. முன்பக்கத் தெருவின் நடுக்கோட்டு மட்டத்திலிருந்து அளந்தால் சுவர் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதாவது ஏறக்குறைய ஐந்தடி. எட்டடி, 2.4 மீட்டர் வரை வேண்டுமென்றால் மேலே உள்ள 0.9 மீட்டரைக் கம்பியோ ஜாலியோ வைத்துக் காற்றும் பார்வையும் புகும்படி விட வேண்டும். தெருமுனை மனையாக இருந்தால், முனையிலிருந்து இரண்டு பக்கமும் 10 மீட்டர் நீளத்துக்குச் சுவர் 0.75 மீட்டர்தான். இரண்டரை அடி. அதற்கு மேல் இன்னொரு 0.75 மீட்டர் தேவையென்றால் கம்பியாக வைத்துக்கொள்ளலாம். இந்த அளவுகளைத் தாண்ட நினைப்பவர் உள்ளாட்சியிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். இது மாதிரி விதிதான். மாநிலமோ உள்ளாட்சியோ தன் விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் யாரையும் கட்டுப்படுத்தும். அதனால் ஊருக்கு ஊர் அளவு மாறலாம். அளவுக்குப் பின்னால் இருக்கும் நியாயம் எல்லா ஊருக்கும் ஒன்றே.

தெருமுனைக்குச் சொன்ன இரண்டரை அடியை எடுத்துக்கொள்வோம். சாலைப் பொறியாளர்கள் காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.08 மீட்டர், மூன்றரை அடி உயரத்தில் இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இரண்டரை அடிச் சுவருக்கு மேலாக அவரால் குறுக்குத் தெருவைப் பார்க்க முடியும். ஐந்தடிச் சுவர் முனைவரை வந்துவிட்டால், வண்டியின் மூக்கு தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் அங்கே சைக்கிளில் வரும் பையன் கண்ணில் படுவான். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் நமக்கு மெதுவாகத் தோன்றும். அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் போகிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்தவே ஒரு விநாடிக்குக் குறையாமல் ஆகும். அமெரிக்க நகராட்சி விதிகள் பலவற்றில் தெருமுனையிலிருந்து இரு தெரு ஓரமாகவும் குறிப்பிட்ட தூரம் அளந்து, இரு நுனிகளையும் ஒரு கோட்டால் இணைத்து ஒரு முக்கோணம் போடச் சொல்கிறார்கள். அந்த முக்கோணத்துக்குள் சுவரோ செடியோ மூன்றடி உயரத்தை ஒட்டிய ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. அங்கே பல ஊர்களில் வீட்டுக்கு முன்னால் மூன்று நான்கு அடியும், பின்னாலும் பக்கவாட்டிலும் ஆறடியும் வேலி போட அனுமதிப்பதற்கும் இதே காரணம் உண்டு. கேட்டைத் திறந்து வண்டியைப் பின்னால் எடுப்பவருக்கு நடைபாதையில் வரும் குழந்தை தெரிய வேண்டும். முன்சுவர் வீட்டுக்காரருடையதாக இருக்கலாம். அது மறைக்கும் தெரு எல்லாருக்கும் பொது.

அடுத்தது எடைக் கணக்கு. சுவரின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் ஆபத்தும் இரண்டு மடங்காகும் என்றுதான் மனசு சொல்லும். அது தப்புக் கணக்கு. காற்று மோதும் பரப்பு இரண்டு மடங்காகிறது, காற்றின் தள்ளுதல் மையம் கொள்ளும் உயரமும் இரண்டு மடங்காகிறது. ஆக அடியில் சுவரைச் சாய்க்கப் பார்க்கும் விசை நான்கு மடங்கு. ஒரு பக்கம் தண்ணீர் தேங்கினால் நிலைமை இன்னும் மோசம். ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தேங்கிய நீர், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அரை டன் விசையோடு தள்ளும். இரண்டு மீட்டர் ஆழமென்றால் இரண்டு டன். சாய்க்கும் விசை எட்டு மடங்கு. மண்ணடித்து மனையை மேடாக்கி, அந்த மண்ணை அணைத்தபடி ஒன்பது இஞ்சுச் செங்கல் சுவர் எழுப்பினால், அது பெயருக்குத்தான் காம்பவுண்டு சுவர். செய்கிற வேலை தாங்குசுவரின் வேலை. வெயில் காலத்தில் அது அசையாமல் நிற்கும். நான்கு நாள் அடைமழையில் மண் ஊறி, உள்ளே சேர்ந்த நீர் வெளியேற வழியில்லாமல் போகும்போதுதான் அது எதற்காகக் கட்டப்பட்டது, எதைச் சுமக்கிறது என்ற வித்தியாசம் வெளிப்படும். அகலமான அஸ்திவாரம், இடைவெளி விட்டு பில்லர், அடியில் நீர் வடியத் துளைகள் என்று தாங்குசுவருக்குத் தனி இலக்கணம் உண்டு. கைக்கணக்கில் ஏற்றப்பட்ட சுவரில் இவற்றில் ஒன்றும் இருக்காது.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்ற கேள்வியும் இங்கேதான் முளைக்கிறது. மேட்டு மனைக்காரர் தன் தரையிலிருந்து அளந்து ஆறடி என்பார். நான்கடி பள்ளத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுவே பத்தடி. தேசிய விதித்தொகுப்பு கட்டுபவரின் முற்றத்தை விட்டுவிட்டுத் தெருவின் நடுக்கோட்டை அளவுகோலாகக் கொண்டது ஒரு நல்ல முடிவு. தன் மனையை எவ்வளவு மேடாக்கினாலும் கட்டுபவரால் அந்தக் கோட்டை உயர்த்த முடியாது. பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் இதே நியாயப்படி, பள்ளமான பக்கத்திலிருந்துதான் அளவு எடுக்க வேண்டும். ஏனென்றால் சுவர் விழுவது அந்தப் பக்கம்தான்.

மதிலின் உயரத்தில் சட்டம் தலையிடத் தொடங்கியது பாதுகாப்புக்காக மட்டும் இல்லை. பகையும் ஒரு காரணம். சான்பிரான்சிஸ்கோவின் நாப் ஹில் குன்றில் ரயில்வே கோடீஸ்வரர் சார்லஸ் கிராக்கர் 1870-களில் மாளிகை கட்டினார். அந்தத் தெருக்கட்டு முழுவதையும் விலைக்கு வாங்கிய அவரால், நிக்கலஸ் யுங் என்ற ஜெர்மானியரின் சிறு மனையை மட்டும் வாங்க முடியவில்லை. பிணப்பெட்டி செய்து ஈமச்சடங்கு நடத்திவைப்பது யுங்கின் தொழில். விலை படியாமல் போனதும் கிராக்கர், யுங்கின் வீட்டை மூன்று பக்கமும் வளைத்துத் தன் நிலத்திலேயே ஏறக்குறைய 40 அடி உயரத்துக்கு மரவேலி எழுப்பினார். அந்த வீட்டுக்கு வெயிலும் காற்றும் அடைபட்டன. எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878-இல் எடுத்த நகரத்தின் அகலப் படத்தில் அந்த வேலி இன்றும் பதிவாகி இருக்கிறது. யுங் 1880-இல் இறந்த பிறகும் வேலி இறங்கவில்லை. அவருடைய வாரிசுகள் 1904-இல் நிலத்தைக் கிராக்கர் குடும்பத்துக்கு விற்ற பிறகே கதை முடிந்தது. கிராக்கர் ஓர் அங்குலம்கூட ஆக்கிரமிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லை அளவையை மட்டும் நம்பும் சட்டத்தின் கண்ணில் அவர்மேல் குற்றமே இல்லை.

இப்படிப்பட்ட வேலிகளை அடக்க மாசசூசெட்ஸ் மாநிலம் 1887-இல் ஒரு சட்டம் போட்டது. அவசியமில்லாமல் ஆறடிக்கு மேல், பக்கத்து வீட்டாரைத் துன்புறுத்தும் கெட்ட எண்ணத்தோடு எழுப்பும் வேலி சட்டப்படி தொல்லையாகும் என்றது அது. சொத்துரிமைக்கு விரோதம் என்று வழக்கு வந்தபோது, 1889-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு எழுதினார். சொத்துரிமைக்குச் சிறிய அளவில் வரம்பு போட அரசுக்கு அதிகாரம் உண்டு என்பது அவர் கண்ட நியாயம். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கெட்ட எண்ணமே முதன்மையான நோக்கம் என்று நிரூபித்தாக வேண்டும். மனசுக்குள் இருப்பதை எந்த சாட்சி வந்து சொல்வது? இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1895-இல் பிராட்ஃபோர்டு நகராட்சிக்கும் பிக்கிள்ஸ் என்பவருக்கும் இடையிலான நிலத்தடி நீர் வழக்கில் இதற்கு நேர் எதிராகவே போனது. ஒருவர் தன் நிலத்தில் சட்டப்படி செய்யக்கூடிய ஒரு காரியம், கெட்ட எண்ணத்தோடு செய்வதால் மட்டும் சட்டவிரோதம் ஆகிவிடாது என்றது. நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டின் அனுபவ உரிமைச் சட்டம், 20 ஆண்டுகள் இடையூறின்றி ஒரு கட்டடத்துக்கு வந்துகொண்டிருந்த வெளிச்சத்தையும் காற்றையும் பாதுகாக்கிறது. புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவருக்கு அந்தச் சட்டம் உதவாது.

நோக்கத்தைத் தோண்டும் இந்தச் சங்கடத்துக்குத் தீர்வாக வந்ததுதான் உயர விதி. நியூயார்க் நகரம் 1916-இல் நகரம் முழுமைக்குமான மண்டல விதிகளைக் கொண்டுவந்தது. ஓஹியோவின் யூக்ளிட் என்ற சிற்றூர் போட்ட மண்டல விதிகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-இல் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே விடவேண்டிய இடம், கட்டட உயரம், வேலி உயரம் எல்லாம் ஊர்தோறும் எண்களாக மாறின. ஏன் கட்டினாய் என்ற கேள்வி போய், எவ்வளவு கட்டினாய் என்ற கேள்வி வந்தது. முதல் கேள்விக்கு வக்கீல் வேண்டும், பல வருஷம் வேண்டும். இரண்டாவதுக்கு ஒரு டேப் போதும். இங்கிலாந்திலும் இன்று இதே வழிதான். வாகனம் போகும் சாலையை ஒட்டினால் ஒரு மீட்டர், மற்ற இடத்தில் இரண்டு மீட்டர். இதற்குள் கட்டுபவர் எந்த விண்ணப்பமும் போட வேண்டியதில்லை. தாண்டினால்தான் திட்ட அனுமதி. விதி வந்தால் அதைச் சுற்றிப்போகும் வழியும் வரும். சுவரைத் தாண்ட முடியாதவர்கள் வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வளரும் லேலண்டி மரங்களை வரிசையாக நட்டுப் பச்சைச் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சண்டைகள் பெருகியதால் 2003-இல் வந்த ஒரு சட்டம், இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட பசுமை மாறா மரவேலி பக்கத்து வீட்டாரின் வாழ்வைக் கெடுத்தால் நகராட்சியிடம் முறையிட வழி செய்தது. அதற்கும் முன்னால் பக்கத்து வீட்டாரோடு பேசித் தீர்க்க முயன்றதைக் காட்ட வேண்டும். எண்ணும் வேண்டும், பேச்சும் வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நிதானம்.

உயிர்ப்பலியிலிருந்து பாடம் படித்த நாடு ஜப்பான். 1978 ஜூன் 12 அன்று மியாகி பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் 28 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேரைக் கொன்றது வீடு இடிந்ததல்ல, தெருவோரம் நின்ற பிளாக் சுவர்களும் கேட் தூண்களும் விழுந்ததே. 1981-இல் ஜப்பான் தன் கட்டட விதியைத் திருத்தி, வலுவூட்டிய பிளாக் சுவரின் உயர வரம்பை 3 மீட்டரிலிருந்து 2.2 மீட்டராகக் குறைத்தது. அந்த விதி உயரத்தோடு நிற்கவில்லை. சுவரின் கனம் 15 சென்டிமீட்டர், உயரம் 2 மீட்டருக்குள் என்றால் 10 சென்டிமீட்டர். 80 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெட்டுக்கும் குறுக்குக்கும் கம்பி. உயரம் 1.2 மீட்டரைத் தாண்டினால் 3.4 மீட்டருக்கு ஒரு முட்டுச்சுவர், அது சுவர் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அஸ்திவாரம் மண்ணுக்குள் 30 சென்டிமீட்டராவது போக வேண்டும். உயரம் கூடக்கூடக் கட்டுபவர் என்ன தர வேண்டும் என்பதை ஒரு கொத்தனாருக்கும் புரியும் அளவுக்கு எழுதி வைத்தார்கள்.

விதி எழுதினால் போதாது என்பதையும் ஜப்பானே காட்டியது. 2018 ஜூன் 18 காலையில் ஒசாகா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, தகாட்சுகி நகரத்தில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போன ஒன்பது வயதுச் சிறுமியின்மேல் அந்தப் பள்ளியின் நீச்சல்குளத்துச் சுவரே விழுந்தது. 1.9 மீட்டர் அடிச்சுவரின்மேல் 1.6 மீட்டர் பிளாக் ஏற்றி, மொத்தம் 3.5 மீட்டர் உயர்த்தியிருந்தார்கள். முட்டுச்சுவர் இல்லை. அடிச்சுவரையும் பிளாக்கையும் பிணைத்த கம்பிகளும் போதவில்லை. 2015-இலேயே ஒரு நிபுணர் அந்தச் சுவரைப் பற்றி எச்சரித்திருந்தார். வந்து பார்த்த ஊழியர்கள் கட்டடத் தகுதி பெற்றவர்கள் அல்ல. கண்ணால் பார்த்தும் தட்டிப் பார்த்தும் ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்துவிட்டார்கள். அதன்பின் நாடு முழுவதும் பள்ளிகளில் ஆய்வு நடந்தபோது 12 ஆயிரத்துக்கும் அதிகமான பள்ளிகளில் பாதுகாப்பில் சந்தேகமுள்ள சுவர்கள் இருப்பது தெரியவந்தது. குழந்தைகள் நடக்கும் வழியில் உள்ள பழைய பிளாக் சுவரை இடிக்கப் பல நகராட்சிகள் மானியம் கொடுத்தன. விதி, தகுதியுள்ள கண், இடிக்கக் காசு ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயன் இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 2019 டிசம்பர் 2 அன்று விடியும் முன், கனமழையில், கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் ஒரு தனியார் வீட்டின் சுற்றுச்சுவர் சரிந்தது. சுமார் 20 அடி உயரம். கீழே இருந்த ஓட்டு வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த தலித் குடும்பங்களைச் சேர்ந்த 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டிருந்ததாக அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2014 ஜூலையில், திருவள்ளூர் மாவட்டம் உப்பரப்பாளையத்தில் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் குடிசைகளின்மேல் விழுந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2019 ஜூன் 29 அன்று புனேயின் கோண்டுவா பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவர், பக்கத்தில் தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்த கட்டடத் தொழிலாளர் குடும்பங்களின்மேல் சரிந்தது. 15 பேர் இறந்தார்கள். மூன்றிலும் மழை, மூன்றிலும் தூங்கும் நேரம், மூன்றிலும் சுவர் ஒருவருடையது, சாவு வேறு ஒருவருடையது. சுவரால் பயன் பெற்றவர் உள்பக்கம் இருக்கிறார். அதன் ஆபத்தைச் சுமந்தவர் வெளிப்பக்கம் இருக்கிறார். இந்த ஒரு உண்மையே உயர விதிக்குப் போதுமான நியாயம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் பாதுகாப்பு. திருட்டு பெருகும் காலத்தில் ஐந்தடிச் சுவர் எந்த மூலைக்கு என்று கேட்பார்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் உயரமான கெட்டிச்சுவர் திருடனுக்கும் மறைவு தருகிறது. ஏறிக் குதிக்கும் சில விநாடிகள்தான் அவனுக்குச் சிரமம். குதித்த பிறகு தெருவில் போகும் யாருக்கும் அவன் தெரியமாட்டான். தெருவைப் பார்க்கும் கண்கள்தான் தெருவின் காவல் என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இலேயே விரிவாக எழுதினார். 1972-இல் ஆஸ்கார் நியூமன் குடியிருப்புகளை ஆராய்ந்து கிட்டத்தட்ட அதே முடிவுக்கு வந்தார். தேசிய விதித்தொகுப்பு எட்டடியை மறுக்கவில்லை, மேல் மூன்றடி கம்பியாக இருக்கட்டும் என்கிறது. ஏறுவதற்குத் தடையும் கிடைக்கிறது, பார்வையும் மறைவதில்லை, காற்று மோதும் பரப்பும் குறைகிறது. அந்தரங்கம் வேண்டும் என்ற வாதத்துக்கும் இதே விடைதான். குளியலறைப் பக்கமும் கொல்லைப் பக்கமும் மறைவு தேவை. தெருவைப் பார்த்த முகப்புக்கு அவ்வளவு மறைவு தேவையில்லை. அதனால்தான் பல ஊர் விதிகள் முன்னால் தாழ்வாகவும் பின்னால் உயரமாகவும் வைத்திருக்கின்றன.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. இருக்கும் விதிகளுக்கே ஆபீஸ் ஆபீஸாக அலைந்து கவர் கொடுக்க வேண்டியிருக்கிறது, இதில் சுவருக்கும் ஒரு விதி என்றால் இன்னொரு வசூல் கவுண்டர் திறந்ததாகிவிடாதா? நடைமுறை தெரிந்தவர் கேட்கும் கேள்வி இது. இங்கிலாந்து முறை இதற்குப் பதில் சொல்கிறது. வரம்புக்குள் கட்டுபவர் யாரிடமும் போக வேண்டியதில்லை. ஆக, சாதாரண ஐந்தடிச் சுவர் கட்டும் ஆயிரக்கணக்கானவர்களை அந்த விதி தொடவே தொடாது. தாண்டுபவர் மட்டும் தகுதியுள்ள பொறியாளரின் வரைபடமும் கையெழுத்தும் காட்டினால் போதும். தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையத்தில் சுயசான்று முறையில் அனுமதி கிடைக்கிறது. வீட்டுக்கே அப்படிக் கொடுக்க முடியுமானால், உயரச் சுவரின் வரைபடத்தையும் அதே விண்ணப்பத்தில் ஒரு பக்கமாகச் சேர்ப்பதில் புதிய அலைச்சல் எதுவும் இல்லை. பேரம் பேச இடம் கிடைப்பது விதி மங்கலாக இருக்கும்போதுதான். ஐந்தடி என்பதை டேப் வைத்து யாரும் சரிபார்க்கலாம்.

மூன்றாவது வாதத்தை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். விதிகளே அநீதிக்கும் துணை போயிருக்கின்றன. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1941-இல் வெள்ளையருக்கான குடியிருப்பு ஒன்றைக் கட்ட வந்த நிறுவனத்துக்கு, பக்கத்தில் கறுப்பின மக்கள் வாழ்ந்ததால் அரசு வீட்டுக்கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. நடுவே அரை மைல் நீளத்துக்கு ஆறடிச் சுவர் எழுப்பிய பிறகுதான் கிடைத்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்தை அடுத்துத் தலித் குடியிருப்பைப் பிரித்து எழுந்த சுவரில் ஒரு பகுதியை, 2008 மே 6 அன்றுதான் மாவட்ட நிர்வாகம் இடித்துப் பாதை திறந்தது. டெட்ராய்ட் சுவர் ஆறடிதான், அமெரிக்க ஊர்கள் பல கொல்லை வேலிக்கு இன்று அனுமதிக்கும் அதே அளவு. டேப்பை வைத்து அளந்தால் அதன் குற்றம் தெரியாது. உயர விதியால் தீண்டாமைச் சுவரைப் பிடிக்க முடியாது. அதற்குத் தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவும், பொதுப்பாதையை மறிக்கக் கூடாது என்ற சட்டமும், அவற்றை நிறைவேற்றும் துணிவும் வேண்டும். இது உயர விதியின் எல்லையைக் காட்டுகிறது. அதற்காக அந்த விதியே வேண்டாம் என்று ஆகிவிடாது. நடூரில் விதிப்படி ஓர் ஐந்தடிச் சுவர் மட்டும் நின்றிருந்தால், ஊரில் ஏற்றத்தாழ்வு மாறியிருக்காதுதான். அந்த 17 பேரை அந்தச் சுவர் கொன்றிருக்க முடியாது.

ஆக, நம் ஊர்களுக்கு வேண்டியது கனமான புதிய சட்டம் எதுவும் இல்லை. கையில் இருக்கும் தேசிய விதித்தொகுப்பின் அளவுகளை ஒவ்வொரு மாநகராட்சியும் ஊராட்சியும் எல்லாருக்கும் தெரியும்படி அறிவிக்கட்டும், அளவைப் பள்ளமான பக்கத்திலிருந்து எடுக்கட்டும். வரம்பைத் தாண்டும் சுவருக்குப் பொறியாளர் கையெழுத்து கட்டாயமாகட்டும். ஏற்கெனவே நிற்கும் சுவர்களில், குடியிருப்பையோ பள்ளிக்கூட வழியையோ ஒட்டி ஏழெட்டு அடிக்கு மேல் நிற்பவற்றை மட்டும் முதலில் கணக்கெடுத்துத் தகுதியுள்ளவர்கள் சோதிக்கட்டும். உயரத்தைக் குறைக்க வசதியில்லாத வீட்டுக்காரருக்கு ஜப்பான் நகராட்சிகள் செய்ததுபோல் ஒரு சிறு மானியம் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக மாற வேண்டியது, நிரூபிக்கும் சுமை யார்மேல் என்பது. இன்றைய நடைமுறையில், பள்ளத்தில் குடியிருப்பவர் மனு எழுதி, அலைந்து, சுவர் ஆபத்தானது என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு நேரமும் இல்லை, செல்வாக்கும் இல்லை. இருபதடி எழுப்பும் வசதி உள்ளவரிடம்தான் அது நிற்கும் என்று நிரூபிக்கும் வசதியும் இருக்கிறது. எத்தனை அடி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஐந்தடிக்கு மேல் ஏறும் ஒவ்வோர் அடிக்கும் நீங்களே கணக்குக் காட்டுங்கள் என்று கேட்பது யாருடைய சொத்துரிமையையும் பறிப்பதாகாது. சுவரின் நிழலில் தூங்குகிறவரின் உயிருக்கு, சுவர் கட்டுகிறவரின் விருப்பத்தைவிட அதிக மதிப்புத் தருவதுதான் அது.